விதைத்த பிறகு வர்த்தமானி போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெங்காய விலை ஏறுகிற ஒவ்வொரு முறையும் உங்கள் வாசகர் பக்கத்தில் இரண்டு மூன்று கடிதமாவது வருகிறது, இறக்குமதி வரியை உடனே குறையுங்கள், மக்கள் சாப்பிட வேண்டாமா என்று. எழுதுகிறவர்கள் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெஹிவளை என்று நம்ம பக்கத்து ஆட்கள்தான். அவர்களுடைய கோபம் எனக்கு விளங்காமல் இல்லை, நானும் அதே சந்தையில்தான் வாங்குகிறேன். ஆனாலும் அந்தக் கோரிக்கைக்கு எதிராக ஒருவராவது எழுத வேண்டும் என்று தோன்றியது. கொஞ்சம் நீளும். இடம் போதாதென்றால் என் புலம்பலை வெட்டுங்கள், திகதிகளை மட்டும் வெட்டிவிடாதீர்கள், ஏனென்றால் என் முறைப்பாடே திகதிகளைப் பற்றியதுதான்.

நான் கமக்காரன் இல்லை. புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்தக் கடையில் கணக்கெழுதி ஓய்ந்தவன். சீனி, பருப்பு, வெங்காயம், கிழங்கு, செத்தல் மிளகாய் எல்லாம் மூட்டைக் கணக்கில் என் பேரேட்டு வழியாகப் போனவை. அங்கே உட்கார்ந்து பார்த்தவனுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். விவசாயக் கொள்கை பத்தரமுல்லையில் இருக்கும் அமைச்சில் எழுதப்படுவதாக நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அதை எழுதுவது நிதி அமைச்சு, அதுவும் இரவோடிரவாக, ஒரு வர்த்தமானியில், அதாவது அரசாங்க அறிவித்தலில். விசேட பண்ட அறவீடு என்று 2007 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி அமைச்சர் ஒரு கட்டளை போட்டால் போதும், வெங்காயத்துக்கும் கிழங்குக்கும் சீனிக்கும் உள்ள வரி நாளைக் காலையே வேறாகிவிடும். பாராளுமன்றத்துக்குப் பிறகு ஆறுதலாகச் சொல்லிக்கொள்ளலாம்.

இது ஒரு வெங்காயக் கமக்காரருக்கு என்ன செய்கிறது என்று பாருங்கள். பெரிய வெங்காயம் தம்புள்ளை, மாத்தளை, அநுராதபுரம் பக்கத்துச் சிறுபோகப் பயிர். ஏப்ரல், மே மாதத்தில் நாற்றுமேடை போடுவார்கள், ஓகஸ்ட், செப்டெம்பரில் பிடுங்குவார்கள். நாற்று போடும்போது அந்த மனுசனுக்கு விதை என்ன விலை, பசளை என்ன விலை, கூலி எவ்வளவு என்று எல்லாம் தெரியும். தெரியாத ஒரே விஷயம், பிடுங்குகிற நாளில் துறைமுகத்தில் ஒரு கிலோவுக்கு வரி எவ்வளவு இருக்கும் என்பது. ஆனால் அவருடைய வருமானத்தைத் தீர்மானிப்பதே அதுதான். ஒவ்வொரு வருடமும் அறுவடை தொடங்கியதும் கமக்காரர் வீதியில் இறங்குவார்கள், அரசாங்கம் வரியை ஏற்றும். ஏற்றத்தான் போகிறார்கள் என்று ஜூலையிலேயே தெருவில் எல்லோருக்கும் தெரியுமாதலால் அதற்கு முன்பே கொள்கலன்கள் வந்து இறங்கிவிடும். வரி ஏறிய பிறகு பழைய வரியில் வந்த வெங்காயம் புதிய விலைக்கு விற்கப்படும். வரி ஏறினாலும் லாபம், இறங்கினாலும் லாபம், நட்டப்படுகிறவர் ஒருவர்தான், அவர் வயலில் நிற்கிறார்.

கடைக்குள் இருந்த எங்களுக்கு இதெல்லாம் பழகிப்போன விஷயம். வரி இறங்கப் போகிறது என்று காற்றுவாக்கில் ஒரு செய்தி வந்தால் பொருளைத் துறைமுகத்தில் இருந்து எடுக்கவே மாட்டார்கள், தாமதக் கட்டணம் கட்டினாலும் பரவாயில்லை என்று விட்டுவிடுவார்கள். ஏறப்போகிறது என்றால் அன்றிரவே லொறி வரிசையாக நிற்கும். யாரிடமிருந்து அந்தச் செய்தி வந்தது என்று கேட்கிற வழக்கம் தெருவில் இல்லை. 2020 ஒக்டோபர் 13 ஆம் திகதி சீனிக்கான வரி கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதத்துக்கு இறங்கியது நினைவிருக்கும். ரூபாவில் இல்லை, சதத்தில். நம் வீட்டுச் சீனி டப்பாவுக்கு அதனால் ஒன்றும் வரவில்லை, அரசாங்கத்துக்கு வரவேண்டிய வரியில் 15 பில்லியன் ரூபாவுக்கு மேல் போனதாகப் பாராளுமன்றக் குழுவிலேயே பேசப்பட்டது. ஆகவே இறக்குமதி வரியைக் குறையுங்கள் என்று கடிதம் எழுதுகிறவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். வரி குறைந்தால் அந்தக் காசு உங்கள் பையில் விழும் என்பது வெறும் நம்பிக்கை. விழுந்தாலும் முழுதாக விழாது.

சரி, நாமே விளைவித்தால் என்ன, வெளியே வாங்கினால் என்ன, மலிவாகக் கிடைத்தால் போதாதா என்று கேட்கலாம். 2023 டிசம்பர் 8 ஆம் திகதி இந்தியா பெரிய வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது, அடுத்த ஆண்டு மே மாதம் வரை அந்தத் தடை இருந்தது. அவர்களுக்கு அவர்களுடைய சனம் முக்கியம், அதில் தவறு சொல்ல முடியாது. ஆனால் நாம் வருடக்கணக்காகத் தம்புள்ளைக் கமக்காரரை நட்டப்படுத்தி அனுப்பியிருந்த காரணத்தால் அந்த நேரத்தில் திரும்பிப் பார்க்க உள்ளூரில் வெங்காயமே இருக்கவில்லை. வெங்காயம் போட்டவர் சோளத்துக்குப் போயிருந்தார், அல்லது பிள்ளையை மத்திய கிழக்குக்கு அனுப்பிவிட்டு வயலைக் குத்தகைக்கு விட்டிருந்தார். கைவிட்ட பயிரை ஒரு வர்த்தமானியால் திரும்பக் கொண்டுவர முடியாது. விதை வெங்காயம் வேண்டும், தெரிந்த கை வேண்டும், கடன் கொடுக்க ஒருவர் வேண்டும்.

இதை எழுதும்போதே எனக்குத் தெரியும், யாராவது உடனே 1970களைப் பற்றிப் பேசுவார்கள். பேசட்டும், நானும் பேசுகிறேன். சிறிமாவோ அம்மையாரின் ஆட்சியில் மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதால் யாழ்ப்பாணத்துக் கமக்காரர் கையில் முதல் முறையாகக் காசு புரண்டது. படித்த பெடியன்கள் விசுவமடு, முத்தையன்கட்டு குடியேற்றத் திட்டங்களுக்குப் போய் மிளகாய் போட்டார்கள், கல்வீடு கட்டினார்கள், மோட்டார் சைக்கிள் வாங்கினார்கள். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் அதைப் பொற்காலமாகச் சொல்வார்கள். ஆனால் அதே வருடங்களில் பாண் வரிசையில் கொழும்பு நின்றது, மலையகத் தோட்டங்களில் பட்டினியால் ஆட்கள் செத்தார்கள். 1973, 74 இல் தோட்டங்களை விட்டு நகரங்களுக்குப் பிச்சையெடுக்க வந்த குடும்பங்களைப் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் ஒருவர் வீடு கட்டியதும் அட்டனில் ஒருவர் பட்டினி கிடந்ததும் ஒரே கொள்கையின் இரண்டு பக்கங்கள்தான், இதில் ஒன்றை மட்டும் நினைவு வைத்திருப்பது நியாயமில்லை. அப்புறம் 1977 இல் கதவு முழுதாகத் திறந்தது, வெளியூர் மிளகாய் வந்து குவிந்தது, வன்னியில் மிளகாய் போட்டவர்கள் ஒரே போகத்தில் விழுந்தார்கள். மூடியதும் சொல்லாமல், திறந்ததும் சொல்லாமல்.

ஆகவே நான் கதவை மூடச் சொல்லவில்லை. எப்போது மூடும், எப்போது திறக்கும் என்பதை விதைக்க முன்பு சொல்லுங்கள், சொன்னதை அறுவடை வரைக்கும் மாற்றாமல் இருங்கள் என்கிறேன். அவ்வளவுதான் என் கோரிக்கை. கேட்க மிகச் சின்னதாக இருக்கிறது, எனக்குத் தெரிந்து எந்த அரசாங்கமும் இதைச் செய்ததில்லை.

இரசாயனப் பசளை விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இதைப் பற்றிப் பேசினாலே இயற்கை விவசாயம் நல்லதா கெட்டதா என்று சண்டை தொடங்கிவிடுகிறது. அந்தச் சண்டை வேறு. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தில் யூரியாவை அள்ளிக் கொட்டிக் கிணற்றுத் தண்ணீரில் நைத்திரேற்று ஏறியதை நேரில் கண்ட ஊர்க்காரன் நான், பசளையைக் குறைக்க வேண்டும் என்பதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. 2019 தேர்தல் விஞ்ஞாபனத்தில் கோட்டாபய ராஜபக்ஷவும் பத்து வருடத்தில் சேதனப் பசளைக்கு மாறுவோம் என்றுதான் சொன்னார், பத்து வருடம் என்பது பேசக்கூடிய ஒரு திட்டம். ஆனால் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்ய 2021 ஏப்ரல் 27 இல் அமைச்சரவை தீர்மானம், மே 6 இல் வர்த்தமானி, பத்து வருடம் பத்து நாளாகிவிட்டது. 2005 இலிருந்து 50 கிலோ மூட்டையை 350 ரூபாவுக்குக் கொடுத்து, நெல்லுக்கு இவ்வளவு போடு என்று பழக்கியதும் இதே அரசுதான். ஒக்டோபரில் பெரும்போக விதைப்பு தொடங்கியபோது கமநல சேவை நிலையத்தில் யூரியாவும் இல்லை, அதற்குப் பதிலாகச் சொல்லப்பட்ட சேதனப் பசளையும் போதுமான அளவு இல்லை. சீனாவிலிருந்து வந்த பசளைக் கப்பலைத் தீங்கான பக்டீரியா இருக்கிறது என்று இறக்க விடவில்லை, பிறகு அதற்கும் 70 இலட்சம் டொலருக்கு அருகில் கட்டினோம். நவம்பர் 24 இல் தடையை நீக்கினார்கள். நெற்பயிருக்கு முதல் யூரியா போட வேண்டிய நாள் பல இடங்களில் அதற்குள் போய்விட்டது, உலகச் சந்தையில் யூரியா விலையும் தாறுமாறாக ஏறியிருந்தது, வாங்க டொலரும் இல்லை.

அதன் பலனை நாங்கள் கொழும்பில் சாப்பிட்டோம், அல்லது சாப்பிடாமல் இருந்தோம். 2021 இல் 51 இலட்சம் தொன்னைத் தாண்டியிருந்த நெல் உற்பத்தி 2022 இல் 35 இலட்சம் தொன்கூட இல்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம், அதாவது போன வருடம் 100 ரூபாவுக்கு வாங்கியதை அந்த மாதம் 195 ரூபாவுக்கு வாங்கினோம். 63 இலட்சம் பேருக்குச் சாப்பாட்டுப் பாதுகாப்பு இல்லை என்று ஐ.நா.வின் உணவு அமைப்புகள் கணக்குச் சொன்னது இந்தக் காலத்தில்தான். தேயிலையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. 2021 இல் 30 கோடி கிலோவுக்கு அருகில் இருந்த உற்பத்தி 2022 இல் 25 கோடியளவுக்கு விழுந்தது. பசளை இல்லாத மலையில் கொழுந்து வராது. கொழுந்து வராவிட்டால் நிர்ணயித்த கிலோ வராது, கிலோ வராவிட்டால் பல தோட்டங்களில் அரைப்பேர், அதாவது அரைநாட் சம்பளம்தான் போடுவார்கள். 1,000 ரூபா நாட்சம்பளம் என்று பெரிதாக அறிவித்த அதே 2021 இல், அந்த ஆயிரம் முழுதாகக் கைக்கு வராமல் போனதற்கு இந்த வர்த்தமானியும் ஒரு காரணம். கொழும்பில் இருக்கும் நம் தமிழ்ப் பத்திரிகைகள் சம்பளத்தைப் பற்றி எழுதிய அளவுக்குப் பசளையைப் பற்றி எழுதவில்லை என்பது என் குறை, மன்னிக்கவும்.

பசளைத் தடைக்கு முந்திய வருடம் உளுந்துக்கும் மஞ்சளுக்கும் நடந்ததும் இதே கதைதான். டொலர் போதாது என்று 2020 இல் இறக்குமதியை நிறுத்தினார்கள். விதை மஞ்சள் எங்கே இருக்கிறது, நட்டு எட்டு ஒன்பது மாதம் போகுமே என்று ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. மஞ்சள் விலை கிலோ ஆயிரக்கணக்கில் ஏறி, மன்னார்க் கடலில் தங்கம் பிடித்த கடற்படை மஞ்சள் மூட்டை பிடிக்கத் தொடங்கியது. தோசையில் உளுந்து குறைந்து கோதுமை மா கூடியது நாக்குக்கே தெரிந்தது, காலி வீதியில் சாப்பிடுகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வவுனியாவில் உளுந்து போட்டவருக்கு நல்ல விலை கிடைத்திருக்கும், அது நல்லதுதான். ஆனால் தடை எத்தனை வருடம் இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் அடுத்த வருடம் இரண்டு ஏக்கர் கூடப் போட்டிருப்பார், ஒரு கிணறு இறைத்துத் துப்புரவாக்கியிருப்பார், உடைக்கும் இயந்திரம் ஒன்று வாங்கலாமா என்று வங்கியில் கேட்டிருப்பார். நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாதவன் அப்படியெல்லாம் காசைப் போட மாட்டான்.

அரிசிக்கு வருகிறேன், ஏனென்றால் மற்றவை எல்லாம் கறி. 2024 டிசம்பரில் சிவப்பரிசி கடைகளில் இல்லாமல் போனது. நாட்டரிசிக்கு உச்ச சில்லறை விலை கிலோ 230 ரூபா என்று வர்த்தமானி வந்தது, அவசர அவசரமாக வெளிநாட்டு அரிசியும் இறக்கினார்கள். நாட்டில் எவ்வளவு நெல் இருக்கிறது, யாருடைய களஞ்சியத்தில் இருக்கிறது என்ற கேள்விக்கு விவசாய அமைச்சு ஒரு கணக்கு, ஆலைக்காரர் ஒரு கணக்கு, நம் தெருவில் ஒரு கணக்கு. குரங்குகளை 2025 மார்ச் 15 ஆம் திகதி காலை 8 மணிக்கு ஐந்து நிமிடத்தில் நாடு முழுதும் எண்ண முடிந்த அரசாங்கத்துக்கு ஆலைகளில் இருக்கும் நெல் மூட்டைகளை எண்ண முடியவில்லை. குரங்கு ஓடும், மூட்டை ஓடாது.

பிறகு 2025 பெப்ரவரி முதல் வாரத்தில்தான் நெல்லுக்கு உத்தரவாத விலை அறிவித்தார்கள். கிலோவுக்கு நாட்டு நெல் 120 ரூபா, சம்பா 125, கீரிச்சம்பா 132. விலை மோசமில்லை, நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ அரிசிக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ நெல் வேண்டும், 120 ரூபாப்படி நெல்லுக்கே 180 போகிறது, மிச்சம் 50 ரூபாவில் அவித்து, குத்தி, ஏற்றி, கடைக்காரர் லாபமும் வைக்க வேண்டும், முடியும். ஆனால் அம்பாறையிலும் மட்டக்களப்பிலும் ஜனவரியிலேயே வெட்டத் தொடங்கிவிடுவார்கள். விலை வரும் வரைக்கும் நெல் வயலில் காத்திருக்காது. கடன் கொடுத்தவர் வரம்பிலேயே நிற்கிறார், அறுவடை இயந்திரத்துக்கு மணிக்கணக்கில் வாடகை, வானம் வேறு இருட்டுகிறது. இயந்திரத்தில் இருந்து நேரே லொறியில் கொட்டி ஈர நெல்லாகவே கொடுத்துவிடுவார்கள். அந்த விலைக்கு வாங்குகிற அரசின் நெல் சந்தைப்படுத்தல் சபைக்கு 14 வீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் ஆகாது, அதற்கு உலர்த்த வேண்டும், உலர்த்தத் தளம் வேண்டும். தளம் இல்லாதவர் தார் ரோட்டில் ஒரு பக்கம் நெல்லைப் பரப்பிவிட்டு, பஸ் வரும்போதெல்லாம் ஓரம் கட்டி நிற்கிறார், மட்டக்களப்புப் பக்கம் போன யாரும் பார்த்திருக்கலாம். ஆக 120 ரூபா என்கிற அந்த விலை, காத்திருக்கக் கூடியவருக்கு மட்டும்தான். ஈர நெல்லை மலிவாக வாங்கி உலர்த்தி வைக்க வசதியுள்ளவர் யார் என்று உங்களுக்கே தெரியும்.

இந்த விலையை ஒக்டோபரில், விதைக்க முன்பு அறிவித்திருந்தால் அரசாங்கத்துக்கு ஒரு சதம்கூடக் கூடுதலாகச் செலவாகியிருக்காது. வங்கியும் அந்த விலையைப் பார்த்துக் கடன் கொடுத்திருக்கும். உலர்த்தும் தளத்துக்கும் களஞ்சியத்துக்கும் செலவுதான், ஆனால் 2015 இல் நெல்லை வைக்க இடமில்லாமல் மத்தல விமான நிலையக் கட்டடத்தில் அடுக்கிய நாடு இது. விமானம் வராத விமான நிலையத்துக்குச் செலவழிக்கக் காசு இருந்தது, ஊருக்கு ஒரு தளம் போட இல்லை. அண்மையில் தம்புள்ளையில் இந்திய உதவியோடு 5,000 தொன் கொள்ளளவில் குளிரூட்டப்பட்ட களஞ்சியம் வந்திருக்கிறது, நல்ல விஷயம். அது யாருடைய பொருளால் நிரம்புகிறது என்று பார்க்க வேண்டும். கமக்காரர் ஒரு சின்னக் கட்டணம் கட்டித் தன் வெங்காயத்தை அங்கே வைத்து மூன்று மாதம் கழித்து விற்க முடிந்தால் அது களஞ்சியம், முடியாவிட்டால் வியாபாரிக்கு இன்னொரு கிடங்கு.

மரக்கறியில் விளைந்ததில் 30, 40 வீதம் வழியிலேயே பழுதாகிறது என்று வருடக்கணக்காகச் சொல்கிறார்கள். உரப்பையில் அமுக்கி, லொறியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதன்மேல் இரண்டு பேர் ஏறிப் படுத்து வந்தால் பேலியகொடை மெனிங் சந்தையில் இறக்கும்போது அடி மூட்டைத் தக்காளி சம்பலாகத்தான் இருக்கும். 2011 கடைசியில் பிளாஸ்டிக் கூடையைக் கட்டாயமாக்கினார்கள், தம்புள்ளையில் பெரிய ஆர்ப்பாட்டம் நடந்தது, பின்வாங்கினார்கள். கூடை நல்ல யோசனைதான். ஆனால் கூடையை யார் வாங்குவது, வெறுங்கூடையை யார் திருப்பிக் கொண்டுபோவது என்று பேசாமல் முதலில் சட்டம், பிறகு பொலிஸ். யாழ்ப்பாணத்துச் சந்தைகளில் 100 கிலோ கொண்டுபோனால் 10 கிலோ கழிவு என்று தராசிலேயே வெட்டிவிடுகிற வழக்கத்தை இத்தனை வருடமாக யாராலும் நிறுத்த முடியவில்லை. அழுகியதற்குக் கழிப்பது என்றால் சரி, முருங்கைக்காய்க்கும் பூசணிக்கும் என்ன கழிவு? பத்தில் ஒன்றை இப்படி வாசலிலேயே கொடுத்துவிட்டு வருகிறவரிடம் நிலைபேறான விவசாயம் பற்றிக் கருத்தரங்கு வைத்தால் அவர் வந்து தேநீர் குடித்துவிட்டுப் போவார்.

இதில் நமக்கும், அதாவது கொழும்பில் வாங்கிச் சாப்பிடுகிறவர்களுக்கும், பங்கு உண்டு. 1953 இல் கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமானதும் ஓகஸ்ட் 12 இல் ஹர்த்தால் நடந்தது, ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். அன்றிலிருந்து எந்த அரசாங்கமும் கொழும்புச் சமையலறைக்குப் பயந்துதான் இருக்கிறது. அநுராதபுரத்தில் நெல் விலை விழுந்தால் நாலு நாள் போராட்டம், தொலைக்காட்சியில் ஒரு நிமிடம். வெள்ளவத்தையில் வெங்காயம் ஏறினால் அமைச்சரவையில் பேச்சு. வரியைக் குறை என்று நாம் போடுகிற சத்தம் சரியாக அறுவடைக்கு முந்திய மாதங்களில்தான் உச்சத்துக்குப் போகிறது, ஏனென்றால் அப்போதுதான் பொருள் இல்லாமல் விலை ஏறும். அமைச்சர் நமக்குப் பயந்து கதவைத் திறப்பார், கப்பல் வந்து சேரும்போது அறுவடையும் வந்து சேரும். இது தற்செயலாக ஒவ்வொரு வருடமும் நடக்கிறதென்று நினைக்காதீர்கள்.

எல்லோராலும் விலை ஏற்றத்தைத் தாங்க முடியாது என்பதும் உண்மைதான். கிராண்ட்பாஸிலும் மட்டக்குளியிலும் நாட்கூலிக்குப் போகிறவருக்கு வெங்காயம் 100 ரூபா ஏறினால் அன்றைக்குக் கறியில் ஒன்று குறையும். அவரைக் காட்டித்தான் வரியைக் குறைக்கிறார்கள், ஆனால் குறைத்த வரி எனக்கும் கிடைக்கிறது, பணக்காரக் கறுவாத்தோட்டத்துக்கும் கிடைக்கிறது, ஹோட்டல்களுக்கும் கிடைக்கிறது. 2023 இலிருந்து வறிய குடும்பங்களுக்கு அஸ்வெசும என்று ஒரு திட்டம் இருக்கிறது, பணம் நேரே வங்கிக் கணக்குக்குப் போகிறது. விலை ஏறுகிற அந்த இரண்டு மூன்று மாதத்துக்கு அந்தக் குடும்பங்களுக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் வெங்காயக் கமக்காரரைக் கொல்லாமல் நாட்கூலிக்காரரைக் காப்பாற்றலாம். அஸ்வெசும பட்டியலில் பிழைகள் இருக்கின்றன, கிடைக்க வேண்டியவர் பலர் வெளியே நிற்கிறார்கள், அதைத் திருத்த வேண்டும். அதைத் திருத்துவது வரியை ஆட்டுவதைவிடக் கஷ்டமான வேலை, அதனால்தான் வரியை ஆட்டுகிறார்கள்.

அரசாங்கமே பெரிய வாங்குநர் என்பதை ஏன் மறந்துவிடுகிறோம் என்றும் எனக்கு விளங்குவதில்லை. ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கான பாடசாலைச் சாப்பாடு, ஆஸ்பத்திரி, சிறைச்சாலை, இராணுவ முகாம் என்று தினமும் எத்தனை பானை கொதிக்கிறது. பயறு, கௌபி, முட்டை, கீரை, சிவப்பரிசி எல்லாம் அந்தந்தப் பிரதேசத்துக் கமக்கார அமைப்பிடம் ஒரு போகத்துக்கு முன்பே இந்த அளவு, இந்த விலை என்று பேசி எழுதி வாங்கலாம். கமக்கார அமைப்புகளுக்கு 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது, புதிதாக ஒன்றும் உண்டாக்கத் தேவையில்லை. வாங்குபவர் உறுதியென்றால் விதைக்கிறவர் விதைப்பார். இப்போது நடப்பது கேள்விப்பத்திரம் போட்டு ஒரு பெரிய ஒப்பந்தக்காரருக்குக் கொடுப்பது, அவர் நம் புறக்கோட்டையில் வந்து இறக்குமதிப் பயறு வாங்குவது. நானே பில் போட்டிருக்கிறேன்.

காலநிலையைப் பற்றியும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் யாராவது மழையைச் சட்டம் போட்டு நிறுத்த முடியுமா என்று கேட்பார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பெரும்போகம் அப்போதுதான் விதைத்திருந்தார்கள், வயல்கள் வெள்ளத்தில் போயின, மலைநாட்டில் மண் சரிந்து பாதைகள் அறுந்து மரக்கறி வர வழியில்லாமல் போனது. அப்படியான நேரத்தில் இறக்குமதி செய்யத்தான் வேண்டும், அதற்கு நான் எதிர்ப்பில்லை. ஆனால் அழிந்த வயலில் திரும்ப விதைக்க விதைநெல் வேண்டும், அதுவும் குறுகிய வயதுள்ள விதை. பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பிஜி 250 ஏறக்குறைய எண்பது நாளில் அறுவடைக்கு வரும், இப்படியான நிலைமைக்கென்றே பொருத்தமான இனம். இனம் இருக்கிறது. வெள்ளம் வடிந்த அடுத்த வாரமே மட்டக்களப்புக்கும் கிளிநொச்சிக்கும் அனுப்பக்கூடிய அளவுக்கு மூட்டைகளில் கட்டி வைத்த சேமிப்பு வேண்டும். வறண்ட வலயத்துக் குளத் தொடர்களை, ஒரு குளம் நிரம்பி அடுத்த குளத்துக்கு வழிகிற அந்தப் பழைய ஏற்பாட்டை, ஐ.நா.வின் உணவு விவசாய அமைப்பு 2017 இல் விவசாய மரபுரிமை என்று பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் சேர்த்ததும் பெருமைப்பட்டோம், தூர் வாருகிற வேலை மட்டும் அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்குப் போனது. நட்ட ஈட்டைப் பொறுத்தவரை காப்புறுதிச் சபை இருக்கிறது, அடுத்த விதைப்புக்கு முன்பு காசு கைக்கு வந்தால்தான் அதற்கு அர்த்தம். இதிலும் திகதிதான்.

வரவு செலவுத் திட்டம் நவம்பரில் வருகிறது. பெரும்போகம் ஒக்டோபரில் தொடங்குகிறது. ஆக, பெரும்போகத்துக்கான பசளை மானியம், இறக்குமதி வரி, உத்தரவாத விலை மூன்றையும் செப்டெம்பர் முடிவதற்குள்ளும், சிறுபோகத்துக்கானதை மார்ச் மாதத்துக்குள்ளும் அறிவிக்க வேண்டும், இடையில் மாற்றுவதென்றால் பாராளுமன்றத்தில் காரணம் சொல்லி வாக்கெடுத்தே மாற்ற வேண்டும் என்று அந்த 2007 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் கொண்டுவரலாம். இரண்டு பக்கத்துக்கு மேல் வராது. கொழும்பு மாவட்டத்திலும் மலையகத்திலும் வடக்கு கிழக்கிலும் நம் வாக்கை வாங்கிப் போன உறுப்பினர்கள் விவசாய அமைச்சின் குழுநிலை விவாதத்தில் வழக்கமாகத் தத்தமது தொகுதிக் குளத்தையும் வீதியையும் பற்றிப் பேசுவார்கள், பேசட்டும், கூடவே இந்தத் திருத்தத்தை ஒரு தனிநபர் சட்டமூலமாகக் கொண்டுவர அவர்களில் யார் தயார் என்று உங்கள் நிருபர் ஒவ்வொருவரையும் கேட்டுப் பெயரோடு போட முடியுமா?

உங்களிடமும் ஒரு விண்ணப்பம். தங்க விலை உங்கள் பத்திரிகையில் தினமும் வருகிறது, டொலர் விலை வருகிறது. தம்புள்ளையிலும் பேலியகொடையிலும் அன்றைய மொத்த விலை என்ன, வெங்காயம், கிழங்கு, பருப்பு, சீனி, அரிசிக்கு இன்றைய இறக்குமதி வரி எவ்வளவு, அது கடைசியாக எந்தத் திகதியில் மாறியது என்பதையும் வாரத்துக்கு ஒரு முறை ஒரு சின்னப் பெட்டியில் போடுங்கள். வர்த்தமானியைத் தேடித் தமிழில் வாசிப்பதற்குள் கப்பல் வந்து இறங்கிவிடுகிறது. வன்னியில் இருந்தும் மட்டக்களப்பில் இருந்தும் உங்கள் பத்திரிகையை வாசிக்கிற கமக்காரருக்கு அது உதவும், வரியைக் குறை என்று எழுதுகிற நம் வெள்ளவத்தைக்காரருக்கும் எந்த மாதத்தில் எழுதுகிறோம் என்று தெரிந்திருக்கும். பெட்டிக்கு வேண்டிய கணக்கை எப்படி எடுப்பது என்று கேட்டால் வந்து சொல்லித்தர நான் தயார், எனக்கு இப்போது வேறு வேலை இல்லை.

இப்படிக்கு,
ஒரு பழைய கணக்கப்பிள்ளை,
வெள்ளவத்தை, கொழும்பு 06.